அரைமணி தள்ளி விழுந்த மழை

கீழக்கரிசல்குளத்தில் ஆடி மாதம் என்றால் காற்று மாதம். மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் காற்று தெருப்புழுதியை எல்லாம் சுருட்டிக்கொண்டுபோய்க் கண்மாய்க்குள் கொட்டும். மழை ஐப்பசியில்தான். அதனால் அந்த ஆடியில், சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போனவர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது முதல் துளிகள் விழுந்ததும், யார் வீட்டு மாடியிலோ தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு தெரு முழுக்க நனைந்தது. குடை யாரிடமும் இல்லை. ஆடியில் குடை எடுத்துப் போகும் வழக்கமே அந்த ஊருக்கு இல்லை.

சுடலைவடிவு தன் கணவனின் நிலத்து வரப்பில் நின்று நனைந்துகொண்டிருந்தாள். அவள்தான் அந்த மழையை அனுப்பியவள். செங்கோட்டைக்கு மேலே மலைமுகட்டில் இருந்த மேகப் பகிர்வு நிலையத்தின் தலைமைப் பொறியாளர். முதல் முயற்சி பலிக்கிறதா என்று பார்க்க ஊருக்கு வந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் பால்வண்ணன். மழை வரும் என்று இவள் சொன்ன சொல்லை நம்பி, ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கரிசல் நிலத்துக்குத் திரும்பியவன். தபசு பார்க்க வந்திருந்த அக்கா சண்முகக்கனியும் உடன் நின்றாள். கனிக்கு வேப்பலோடையில் உப்பளம்.

"ஏட்டி வடிவு, மலைக்கு அங்கிட்டு விழுற மழையை எப்படிட்டி இங்க கொண்டாந்த?" என்றாள் கனி.

"கடல்ல இருந்து வார காத்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வருதுக்கா. மலை குறுக்க நிக்கி. தாண்டணும்னா மேல ஏறணும். ஏறினா குளிரும். குளிர்ந்தா அந்த ஈரத்தை வச்சுக்க முடியாது, அங்கனயே கொட்டிரும். நம்ம பக்கம் இறங்கும்போது வெறுங்காத்து. இறங்க இறங்கச் சூடும் ஏறிரும்."

"அது நாம பொறந்ததுல இருந்து படுத பாடுல்லா. நீ என்ன செஞ்ச, அதைச் சொல்லு."

"மலையேறுத மேகத்துக்குள்ள ரொம்ப நைசான தூசியை ட்ரோன் வச்சுத் தூவுதோம். அத்தனை தூசியிலயும் ஈரம் ஒட்டினா ஒவ்வொரு துளியும் பொடிசாப் போயிரும். கனம் இருக்காது, விழ முடியாது. அப்படியே முகட்டைத் தாண்டிரும். தாண்டினதும் உப்புத்தூளைத் தூவுதோம். உப்பு ஈரத்தை இழுக்கும்லா. துளி பெருத்து விழுந்துரும். மழையை நாங்க உண்டாக்கலைக்கா. அரைமணி நேரம் தள்ளிப் போடுதோம், அவ்வளவுதான்."

"உப்பு எங்கருந்து வருது?"

வடிவு சிரித்தாள். "வேப்பலோடையில இருந்துதான். போன மாசம் உன் உப்புக் கொட்டடியில இருந்து ரெண்டு லாரி ஏத்தினாங்கள்லா."

கனி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து, உதட்டில் விழுந்த துளியை நக்கிப் பார்த்தாள். "கரிக்கவே இல்லையே" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்து அரசோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. மேற்குச் சரிவில் விழும் மழையில் சிறு பங்கை மட்டும் கிழக்கே தாண்டவிடலாம். அங்கேதான் கொட்டிக் கொட்டி மண் சரிகிறதே, கொஞ்சம் குறைந்தால் அவர்களுக்கும் நல்லது என்று இரு தரப்பு நிபுணர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பங்கு கொஞ்சம் கூடியது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் கூடியது. கூட்டித்தரக் கேட்டவர்கள் எல்லோருக்கும் நியாயமான காரணம் இருந்தது. சங்கரன்கோவிலைத் தாண்டி, கழுகுமலையைத் தாண்டி, எட்டயபுரம் வரை ஆடியிலேயே கிணறுகள் நிறைந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து வெள்ளையடித்தார்கள். பால்வண்ணன் பருத்தி போட்டிருந்த நிலத்தில் எலுமிச்சை வைத்தான். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து, தோட்டத்துக்குள் நடந்தாலே சட்டையில் இலைவாசம் ஏறியது. ஊரில் வடிவைக் காணும் கிழவர்கள்கூடத் தோளிலிருந்து துண்டை எடுத்தார்கள். அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

மூன்றாம் ஆண்டு ஆடியில் கனி நிலையத்துக்கே வந்துவிட்டாள். மலைப்பாதையில் பஸ் விட்டு இறங்கி, மூச்சு வாங்க ஏறி வந்து, வடிவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"உப்பு வாருத நேரம் எதுன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"மாசியில பாத்தி கட்டி, சித்திரையில தண்ணி பாய்ச்சி, ஆனி ஆடி ஆவணின்னு அந்தக் காய்ஞ்ச காத்துலதான் உப்பு பூக்கும். வெயிலு பாதி வேலை, காத்து மீதி வேலை. நீ அனுப்புத மேகம் எட்டயபுரத்தோட நிக்காம கடற்கரை வரைக்கும் வந்துருது. ஒரு மழைதான். பாத்தி பூரா கரைஞ்சு போச்சு. திரும்பத் தண்ணி கட்டி, திரும்பப் பூக்க விட்டா, அடுத்த மழை. என்கிட்ட வேலை பாத்த பொம்பளையள்ல முக்கால்வாசிப் பேரு திருப்பூருக்கு மில்லு வேலைக்குப் போயிட்டாளுவ."

வடிவு தண்ணீர்க் குவளையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு, "மேகத்துக்கு எல்லைக்கல் நட முடியாதுக்கா" என்றாள்.

"நட முடியாதுன்னா எதுக்குட்டி அதைப் பிடிச்சு இழுத்த?" கனியின் குரல் உயரவில்லை. "நம்ம பக்கம் மழை இல்லைன்னு நீ சொல்லுத. அதை நான் குறைன்னு நினைச்சதே இல்ல. மழை இல்லாததாலதான் நாங்க உப்பு விளைவிச்சோம். கோவில்பட்டியில தீப்பெட்டி ஒட்டினாங்க. எல்லாம் இந்தக் காய்ஞ்ச காத்தை நம்பி வந்த பொழைப்பு. நீ அதைச் சரி பண்ணிட்டேன்னு சொல்லுத."

"கிணத்துல தண்ணி இல்லாம ஊரை விட்டுப் போனவங்க திரும்பி வந்திருக்காங்கக்கா. அவங்ககிட்ட என்ன சொல்லச் சொல்லுத?"

"அவங்ககிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ. உனக்கு இனி என் உப்பு கிடையாது. நானே குடுத்து நானே கரைஞ்சு போகணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

அவள் எழுந்து போய்விட்டாள். வேறு கரைகளிலிருந்து உப்பு வந்தது. மழையும் பெய்தது. அக்காவிடமிருந்து போன் வருவது மட்டும் நின்றுபோனது.

நான்காம் ஆண்டு மேகமே வரவில்லை.

வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. நிலையத்தில் ட்ரோன்கள் வரிசையாகத் தயாராக நின்றன. மேற்கே வானம் வெளுத்துக் கிடந்தது. கடல்மேல் மேகம் திரளுவது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. கரையேறி மலைக்கு வருவதற்குள் கிழிந்து கலைந்தது. நிலையத்தை நடத்தும் வாரியத்தின் கூட்டத்தில் ஒரு செய்தி சுற்றியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் நாம் மழையைத் தள்ளிப்போடுகிறோம் என்று ஆத்திரப்பட்டு, படகுகளில் உப்புத்தூள் ஏற்றிக் கடலுக்குள்ளேயே மழையைப் பெய்ய வைக்கிறார்கள் என்று. எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். தூசியை இரட்டிப்பாக்கு, ட்ரோன்களைக் கடற்கரை வரை அனுப்பு, மேகத்தை அங்கேயே பிடித்து இழுத்து வா என்று வடிவுக்கு உத்தரவு வந்தது.

"முதல்ல போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள் அவள்.

கணவாய் வழியாகப் போகும் ரயிலில் ஏறிக் கொல்லத்தில் இறங்கினாள். அம்பிளி ஸ்டேஷனில் காத்திருந்தாள். மேற்குப் பக்கத்து வானிலை அதிகாரி. நான்கு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை போனில் பேசியவர்கள் என்றாலும் நேரில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. அம்பிளியின் தாய்க்குத் தென்காசி பூர்விகம் என்பதால் மலையாள இழுவையோடு நல்ல தமிழ் பேசினாள்.

"படகு காணணும், அல்லே?" என்றாள் எடுத்த எடுப்பில்.

துறைமுகத்துக்கு வெளியே மணலில் அந்தப் படகுகள் சாய்ந்து கிடந்தன. தூவும் குழாய்களில் மீன்வலையைக் கட்டிக் காயப்போட்டிருந்தார்கள்.

"ரெண்டு தடவை கடலுக்குப் போச்சு. ரெண்டு தடவையும் ஒண்ணும் பெய்யலை. அதோட கரைக்கு இழுத்துப் போட்டாச்சு. இந்த வருஷம் தண்ணியில இறக்கவே இல்லை, வடிவு."

"அப்ப மேகம் எங்க போச்சு?"

"வா, காட்டுறேன்."

ஜீப்பில் ஆரியங்காவுக்கு மேலே போனார்கள். காட்டுக்குள் இறங்கும்முன் வடிவு பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகினாள். மழைக்காட்டில் ஆனி மாதம் அட்டைக்கடிக்குப் பயப்படாதவர்கள் கிடையாது.

"வேண்டா" என்றாள் அம்பிளி. "இப்ப இங்கே அட்டை இல்லை."

உள்ளே நடந்தார்கள். காலடியில் சருகு நொறுங்கியது. ஆனி மாதத்தில் அங்கே சருகு நொறுங்கக் கூடாது, புதைய வேண்டும். மரப்பட்டைகளில் பாசி கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஓடை இருந்த இடத்தில் வெள்ளைக் கற்கள். நெடிய மரங்கள் உச்சியில் இலை உதிர்த்திருந்ததால் தரைவரை வெயில் விழுந்தது. மேற்குக் கிராமங்களில் குடிதண்ணீருக்கு லாரி வருவதையும், ஆற்றங்கரைக் குடும்பங்கள் இடம்பெயர்வதையும் அம்பிளி போகிற போக்கில் சொல்லிக்கொண்டு வந்தாள். குற்றம் சாட்டும் குரலாக இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"கடல்ல இருந்து வர்ற ஈரம் மட்டும் மழைக்குப் போதாது" என்றாள் அம்பிளி. "காடு குடிச்ச தண்ணியை இலை வழியா திரும்ப மேலே விடும். கரையேறி வர்ற மேகத்துக்கு அந்த மூச்சுதான் பலம். காடு காய்ஞ்சா தரையிலிருந்து சூடுதான் ஏறும். மேகம் கலைஞ்சு போகும். நம்ம ரெண்டு பேரோட கணக்கிலயும் மலைன்னா உயரம். இத்தனை மீட்டர், இத்தனை சரிவு. மலை வெறும் கல்லுன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டோம்."

"நீங்க ஏன் முன்னாடியே சொல்லலை?"

"எனக்கும் இந்த வருஷம்தான் புரிஞ்சது."

வடிவு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உலர்ந்த ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திருதேன்" என்றாள்.

"நிறுத்தினாலும் அடுத்த வருஷமே மேகம் வந்துடாது. காடு திரும்பணும். எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியலை. உங்க ஆளுங்களுக்குக் காட்ட உன் கையில ஒண்ணுமே இருக்காது."

"தெரியும்."

ஊருக்கு வந்ததும் நேராக எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போனாள். பால்வண்ணன் வாடிய கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"திரும்ப எப்ப ஆரம்பிப்பீங்க?"

"நான் இருக்கவரைக்கும் ஆரம்பிக்க மாட்டேன்."

"உன் பேச்சைக் கேட்டுத்தான் வேலையை விட்டுட்டு வந்தேன் வடிவு."

"ஆமா."

"இது எல்லாம் பட்டுப்போகும்."

"ஆமாங்க. பட்டுப்போகும்."

குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி, தானே மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். நிலையத்தின் விதிப்படி, காட்டுக்கு ஆபத்து என்று தலைமைப் பொறியாளர் கருதினால் ஒரு பருவத்துக்கு மூடலாம். மூடப்போகிறேன், கேட்க வேண்டியதை என் முகத்துக்கு நேரே கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். உன் சம்பளத்துக்கு மழை வேண்டாம், எங்களுக்கு வேணுமே என்றார் ஒருவர். அக்காகாரி உப்பளத்துக்காக எங்க வயித்துல அடிக்கிறாள் என்றார் இன்னொருவர். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பொழுது சாயும்வரை ஒருவரும் சமாதானமாகவில்லை. அவளும் நகரவில்லை. கூட்டம்தான் முதலில் கலைந்தது.

முன்பு துண்டை எடுத்தவர்கள் பிறகு அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். அடுத்த ஆண்டு வாரியம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. புதிதாக வந்தவர் இரட்டிப்புத் தூசியோடு ட்ரோன்களை அனுப்பினார். தள்ளிப்போட மழை இருந்தால்தானே. ஒரு துளியும் தாண்டவில்லை. அதற்கடுத்த ஆண்டு நிலையத்துக்கே பூட்டுப் போட்டார்கள்.

வடிவு சும்மா இருக்கவில்லை. கோடை பிறந்ததும் ஆரியங்காவுக்குப் போய்விடுவாள். அம்பிளியோடும் அங்கிருந்த மலைவாசிப் பெண்களோடும் சேர்ந்து காட்டில் புதர் வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட்டாள். காய்ந்த காட்டில் ஒரு பொறி விழுந்தால் மிச்சமும் போய்விடும். கையில் அரிவாள், மேலே கங்காணி இல்லாத கூலிவேலை. உள்ளங்கை காய்த்து, முகம் கறுத்து, புரட்டாசியில் ஊர் திரும்புவாள். பால்வண்ணன் பட்ட மரங்களை வெட்டி விறகாக்கிவிட்டு, ஐப்பசி மழையை நம்பிப் பழையபடி உளுந்தும் மிளகாயும் போட்டான். அவள் வரும்போது சோறு வடித்து வைத்திருப்பான். மழையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

கனி ஒருநாள் போன் செய்தாள். உப்பு நன்றாகப் பூத்திருக்கிறது என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்லாமல், "சாப்பிடுதியாட்டி ஒழுங்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு வைகாசியில், காட்டுக்குள் முன்னே நடந்த அம்பிளியிடமிருந்து குரல் வந்தது. "வடிவு, காலில அட்டை கடிச்சுப் பிடிச்சிருக்கு. எடுக்க மனசே வரலை." அந்தப் பருவத்தில் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்தது.

அது நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செய்தி வாரியத்துக்கும் போயிற்று. அடுத்த ஆனியிலேயே ஓர் அதிகாரி கீழக்கரிசல்குளத்துக்கு வந்தார். கடம்பன் என்று பெயர், நல்ல மனிதர். நிலையத்தைத் திரும்பத் திறக்கலாம், இந்தமுறை அளவோடு எடுக்கலாம் என்றார். மேகம் போகும் வழியில் உள்ள எல்லாக் கிராமங்களின் சம்மதமும் வேண்டும் என்று புதிய சட்டம் வந்திருந்தது. ஓர் ஊர் மறுத்தாலும் திறக்க முடியாது. மற்ற ஊர்கள் எல்லாம் சம்மதித்துவிட்டன.

கிராமசபையில் வடிவு எழுந்தாள். இப்போது அவள் பொறியாளர் இல்லை, ஊரில் ஓர் ஓட்டு.

"போன தடவையும் அளவோடதான் ஆரம்பிச்சோம். கூட்டினது வேற யாரும் இல்லை, நான்தான். ஒவ்வொரு வருஷமும் நியாயமான காரணம் இருந்துச்சு. இனிமேலும் இருக்கும். அதனால வேண்டாம்னு சொல்லுதேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து பேச்சித்தாய் என்ற பெண் எழுந்தாள். பள்ளி மைதானக் கூட்டத்தில் வடிவை ஏசியவர்களில் ஒருத்தி. "சார், மழை எப்ப அனுப்புவீக?"

"அடுத்த மாசமே தொடங்கலாம்மா."

"என் மிளகாய் பூராக் களத்துல காயுது. இன்னும் அள்ளலை. ஆடியில மழை பெஞ்சா எங்க கொண்டு போடுவேன்?"

கடம்பன் அதை எதிர்பார்க்கவில்லை. "எலுமிச்சை, நெல் மாதிரி மாத்திக்கலாமே" என்றார்.

"ஒருதடவை மாத்தினோம். திரும்பவும் மாத்தினோம். மண்ணும் நாங்களும் இப்பதான் பழையபடிக்கு வந்திருக்கோம்" என்றாள் பேச்சித்தாய். "இவ சொல்லுத காடு கீடு எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு ஐப்பசி மழை போதும்."

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று தூக்கிய கைகளில் பால்வண்ணனின் கையும் இருந்தது. வடிவு அதைப் பார்த்தாள். அவனும் அவள் பார்ப்பதைப் பார்த்தான், கையை இறக்கவில்லை. வேண்டாம் என்ற கைகள் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. கடம்பன் இரண்டாம்முறையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

இருவரும் மண்பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். முகத்தில் அனல்காற்று அடித்தது.

"கோவமா?" என்றான் அவன்.

"இல்லைங்க. மனசுல பட்டதுக்குத்தானே கை தூக்கினீங்க."

"எனக்கு அந்தத் தோட்டம் வேண்டியிருந்துச்சு வடிவு. இப்பவும் வேண்டியிருக்கு. பொய் சொல்ல முடியலை."

"தெரியும்."

ஊருக்கு வெளியே மறைப்பு ஏதும் இல்லாத மேட்டில் பால்வண்ணன் நின்றான். மேற்கே மலையின் நீளம் முழுக்க, முகட்டின்மேல், கரும்பாறை அடுக்கியதுபோல் மேகம் குவிந்து நின்றது. விளிம்பில் வெள்ளையாக வழிந்து, இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கி, கரைந்து காணாமல்போனது. அடியில் மழை விழுவது சாம்பல் திரைபோல் தெரிந்தது. அவர்கள் நின்ற இடத்தில் வெயிலில் கண் கூசியது.

அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பெய்யுது" என்றான். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "பெய்யட்டும்" என்றான்.